சுருள் நத்தையின் பாதி

புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் நான் கடல் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவேன். காற்றுக்காக இல்லை. சவுக்குத் தோப்பு முடிந்ததும் ஒரு வெள்ளை வீடு வரும், அதைப் பார்க்க. அந்த வீட்டுக் கூடத்தில், கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, தரையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அரை வட்டமாக, உள்ளங்கையில் பாதி அளவு. பஸ்ஸிலிருந்து அது தெரியாதுதான். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்பே அன்றைக்குப் பூராவும் போதும்.

நான் தரைக்குக் கல் பதித்துப் பாலிஷ் போடுகிறவன். முதலில் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில், மற்றவர்கள் செதுக்கி முடித்த சிலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைச் சாலையில் பங்களாக்கள் எழும்பத் தொடங்கியதும் தரை வேலைக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. நாலு பேர் நடுவில் பேச வேண்டுமென்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் அக்காதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

மேஸ்திரி இதைத் தெரிந்துவைத்திருந்தார். அவருக்கு அச்சரப்பாக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கல்லின் மேல் வெட்டுக்கோடு போட்டதும் அதன் முனையில் மீன் வால் மாதிரி ஒரு சுழிப்பு சுழிப்பார். வேறு எந்த மேஸ்திரியும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "இது நம்ம கையெழுத்து" என்பார். கல்லில், ஜன்னல் சட்டத்தில், பூசாத சுவரில், எங்கே அளவு எடுத்தாலும் அந்த மீன் வால் இருக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஊமக்கோட்டான், இங்க வா" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அந்த வெள்ளை வீடு ஓர் அம்மாவுடையது. கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தரைக்கு டைல்ஸ் வேண்டாம், கிரானைட் வேண்டாம், அரியலூர் பக்கம் கிடைக்கும் சிப்பிக்கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கல்லைப் பொறுக்க அவரே வேனில் புறப்பட்டார். கூட வரச் சொன்னதற்கு மேஸ்திரி, "கல்லு கல்லுதான மேடம், அதுல இன்னா பாக்கறதுக்கு கீது? இவன இட்டுகினு போங்க. பேச மாட்டான், தொல்ல இல்ல" என்று என்னை ஏற்றிவிட்டார்.

அன்று மேஸ்திரி வந்திருந்தால் இதை எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

பெரம்பலூர் தாண்டி, ஒரு பருத்திக் காட்டு நடுவில் அந்தக் கல் வெட்டும் குழி இருந்தது. மேலே கரிசல் மண். அதற்குக் கீழே மஞ்சளாக மணல் போன்ற ஒரு படுகை, கையால் தடவினால் உதிர்ந்தது. அதற்கும் கீழே கெட்டியாகச் சிப்பிக்கல். ஒன்றின் மேல் ஒன்றாகப் பாய் அடுக்கியது போல இருந்தது. எல்லாப் பாயும் கிழக்கே லேசாகச் சரிந்திருந்தன. சிப்பிக்கல்லை உற்றுப் பார்த்தால் அதில் கல் என்று சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் சிப்பி, நத்தை, உடைந்த ஓடு. எங்கள் கடற்கரையில் காலையில் ஒதுங்கிக் கிடப்பதை அப்படியே அள்ளி இறுக்கிவைத்த மாதிரி. கடல் அங்கிருந்து எத்தனையோ மைல்.

நான் கேட்கவில்லை. கேட்க வராது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாமாகவே சொன்னார்.

"மேற்குப் பக்கம் மேடா தெரியுது பாருங்க, அந்தப் பழைய பாறைதான் ஒரு காலத்துல கரை. கடல் அது வரைக்கும் ஏறி வந்துச்சு. நாம நிக்கிற இடம் கடலோட அடி. செத்த சிப்பி, நத்தையெல்லாம் இங்க படிஞ்சு, அது மேல மணல், அது மேல களிமண். அப்புறம் கடல் திரும்பிப் போயிடுச்சு. இதுங்க தங்கிடுச்சு."

"எங்க ஊர்ல கடல் பக்கத்துலயே கீதே..." என்று வாயில் வந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறை வேற. அது இதைவிட ரொம்பக் கிழடு. பூமிக்கு அடியில, ஆழத்துல, சூட்டுல வெந்து வந்தது. எவ்வளவு உடைச்சாலும் அதுல ஒரு சிப்பி கிடைக்காது" என்றார்.

உண்மைதான். அத்தனை வருடம் கருங்கல்லைத் தேய்த்திருக்கிறேன். ஓர் ஓடு பார்த்ததில்லை.

பிறகு தோள்பையிலிருந்து மூக்குக்கு விடுகிற மருந்து பாட்டில் மாதிரி ஒன்றை எடுத்தார். அதற்குள் தண்ணீர் கலந்த ஆசிட். சிப்பிக்கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு விழுந்த இடம் சுர்ரென்று நுரைத்தது. கீழே கிடந்த ஒரு கருங்கல் ஜல்லியில் ஒரு சொட்டு. ஒன்றும் ஆகவில்லை. "கருங்கல்லுக்கு இது வெறும் தண்ணி. இந்தச் சிப்பிக்கல்லுக்கு எமன். சுண்ணாம்பு இல்லையா, கரைச்சுத் தின்னுடும்" என்றார். நுரை அடங்கியதும் அந்த இடத்தை விரலால் தொடச் சொன்னார். சொரசொரத்தது.

குழிக்கு மேலே பட்டறையில் அறுத்த கல் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் தூசி படிந்து ஒரே சாம்பல். அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல் காய்ந்திருந்தால் முகம் காட்டாது. நான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஒரு பலகையில் ஊற்றித் துடைத்தேன். நடுவில் சுருள் சுருளாக ஒரு நத்தை மேலே வந்தது. உள்ளங்கை அளவு. வண்டிச்சக்கரத்துக்கு ஆரக்கால் வைத்தது போல அதன் உடம்பு பூராவும் வரிகள். அந்த அம்மா ஓடி வந்து மண்ணிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆயுசு முழுக்க இதையே பார்த்த கண்ணு. எனக்குப் படல, உங்களுக்குப் பட்டுச்சு பாருங்க. நல்ல கண்ணுங்க உங்களுக்கு."

என்னை 'நீங்க' என்று சொன்ன முதல் வீட்டுக்காரர் அவர்தான். என் கண்ணைப் பற்றி ஒருவரும் அதுவரை எதுவும் சொன்னதில்லை, என் மனைவி உட்பட. திரும்பி வரும்போது மதுராந்தகம் வரை நான் தூங்கவே இல்லை.

அந்தப் பலகை கூடத்தில், கிழக்கு ஜன்னலுக்கு நேர் கீழே வர வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். காலை வெயில் முதலில் விழும் இடம். பதிப்பதற்கு முன்னாலேயே நான் அதைக் கையால் தேய்க்க ஆரம்பித்தேன். மிஷின் போட்டால் வரிகள் மழுங்கிவிடும் என்று பயம். இரண்டு நாள் ஆனது. கடைசியில் அந்தச் சுருளின் ஒவ்வோர் அறையும் தனித்தனியாகத் தெரிந்தது. தண்ணீர் தேவைப்படவில்லை. காய்ந்த பிறகும் முகம் காட்டியது.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா கண் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தார். மேஸ்திரிக்கு அன்றே ஜன்னல் வரிசையை முடித்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். அளவை டேப்பின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாரோ, சிவப்புக் கோடு சுருளின் நடுவிலேயே போனது. முனையில் மீன் வால்.

"மேஸ்திரி, அது..." என்றேன்.

"இன்னா அது?"

நான் சுருளைக் கையால் காட்டினேன்.

"நீ ஒண்ணும் எனக்குக் காட்ட வேணாம். ஒரு நத்தைக்காக செவுத்த இடிக்க முடியுமா? வெட்றா."

நான் வெட்டவில்லை. கட்டிங் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பிடுங்கித் தாமே வெட்டினார். தூசி அடங்கியபோது நத்தை இரண்டாக இருந்தது. ஒரு பாதி தரைக்குப் போனது. மறு பாதியைக் காலால் குப்பைப் பக்கம் தள்ளிவிட்டார்.

மாலையில் அந்த அம்மா வந்தார். ஜன்னலுக்குக் கீழே பார்த்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா பண்றது மேடம், இவன நம்பி உட்டது என் தப்பு. நான் தண்ணி குடிக்கப் போன கேப்புல வெட்டிட்டான். அஞ்சாவது படிச்சவன், டேப்புல இருக்கற நம்பர் எப்டித் தெரியும்?"

எனக்கு டேப் பார்க்கத் தெரியும். இருபது வருடம் அதைத்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல" என்றார். அவ்வளவுதான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறு நாளிலிருந்து மேஸ்திரி என்னைத் தரைப் பக்கம் விடவில்லை. கூடத்தில் பாலிஷ் போட வேறு ஆளை அழைத்து வந்தார். நான் வெளியே ஜல்லி சுமந்தேன், செங்கல் நனைத்தேன். அந்த அம்மா கடந்து போகும்போது என்னைப் பார்க்காமல் போனார். என் பிழைப்பில் எனக்கென்று இருந்தது ஒன்றுதான். கல்லைப் பாழாக்காத கை. அதையும் இவன் எடுத்துக்கொண்டான் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

குப்பையில் கிடந்த அந்தப் பாதியை அன்றே எடுத்துப் பழைய துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் சிவப்புக் கோடும் மீன் வாலும் அழியாமல் இருந்தன. மூன்று முறை அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மா இருந்த அறை வாசல் வரை போனேன். மூன்று முறையும், "என்னப்பா?" என்று அவர் நிமிர்வதற்குள் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினேன். என் மனைவி, "செவுத்துகிட்ட நல்லாதான் பேசற" என்றாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை ஒப்படைப்பதற்கு முன் தரை முழுவதும் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். சிந்திய சிமெண்டும் பெயிண்டும் போய்விடும். கருங்கல்லுக்கும் டைல்ஸுக்கும் அதனால் கெடுதல் இல்லை. எல்லா மேஸ்திரியும் செய்வதுதான். நானே எத்தனையோ வீட்டில் ஊற்றியிருக்கிறேன். அன்று காலை நாலு கேன் வந்து இறங்கியது. அதைப் பார்த்ததுமே அன்று குழியில் எழுந்த சுர்ரென்ற சத்தம் காதில் கேட்டது.

"ஊமக்கோட்டான், வா. நீதான் ஊத்தற" என்றார் மேஸ்திரி.

கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டு இருந்தது. ஆறிக்கொண்டிருந்த வெட்டு. துணி சுற்றியிருந்தேன். அதை உயர்த்திக் காட்டினேன்.

"எதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டு அவரே முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டினார். முதல் பக்கெட்டைக் கூடத்தின் நடுவில் வீசினார்.

தரை கொதித்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வெள்ளையாக நுரை எழும்பியது. மூக்கில் காரம் ஏறி எல்லோரும் இருமினோம்.

செய்யூரிலிருந்து வரும் சித்தாள் ஒருத்தி, வாயாடி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யோவ் மேஸ்திரி, இன்னாயா இது, பால் பொங்கற மாதிரி பொங்குது? நாளிக்குத்தான பால் காச்சறாங்க!" என்றாள்.

"அழுக்கு. எத்தினி அழுக்கு கக்குது பாரு. பாலிஷ் போட்ட பய சரியாவே கழுவல" என்று மேஸ்திரி இன்னும் ஒரு பக்கெட் வீசினார். நுரை அதிகமானது. அவருக்கு உற்சாகமும் அதிகமானது. "வுடாத, தேய், தேய்!" என்று துடைப்பம் பிடித்த இருவரையும் விரட்டினார். ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் சொட்டியிருந்தது. அங்கே மூன்று முறை ஊற்றினார். தண்ணீர்கூடக் கலக்கவில்லை.

சித்தாள் என் பக்கம் வந்தாள். "அண்ணாத்த, நீ கல்லு தெரிஞ்ச ஆளு. இது சரியா?"

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். 'நிறுத்து' என்றால் போதும். பாதித் தரையாவது பிழைத்திருக்கும். அன்று என் தொண்டை அடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரல் நன்றாகவே வந்தது.

"மேஸ்திரிக்குத் தெரியும்" என்றேன்.

நாலு கேனும் தீர்ந்தன. என் பிறப்பில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வேடிக்கை பார்த்ததில்லை.

தண்ணீர் விட்டுக் கழுவிக் காய்ந்த பிறகு கூடம் சாம்பல் கொட்டிய களம் போல இருந்தது. பளபளப்பு ஒரு சாண் இடத்தில்கூட இல்லை. சிப்பிகள் இருந்த இடமெல்லாம் குழிந்து, சுற்றியிருந்த மணல் மட்டும் சொரசொரவென்று மேலே நின்றது. மேஸ்திரி குனிந்து கையால் தடவினார். மறுபடி தடவினார். துணி கொண்டுவரச் சொன்னார். எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். ஜன்னலுக்குக் கீழே இருந்த பாதி நத்தை அரை வட்டமான பள்ளமாகிவிட்டிருந்தது. கடல் போனபோதும் போகாமல் கிடந்த நத்தை. அதன் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் உறுத்தும். மேஸ்திரியை நினைத்தால் உறுத்தாது.

நாலு மணிக்கு அந்த அம்மா வாழைக்குலையோடு வந்து இறங்கினார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். காற்றை முகர்ந்தார். "ஆசிட்டா?" என்றார்.

"கல்லு டூப்ளிகேட்டு மேடம். குவாரிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் மேஸ்திரி.

"ஊத்துனது யாரு?"

"இவன்தான். நான் தண்ணி கலந்து ஊத்துன்னுதான் சொன்னேன்..."

சித்தாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஐயே! அண்ணாத்த கைல துணி சுத்திகினு வாசப்படில நின்னுகினு இருந்துது. நீதான பக்கெட்டு பக்கெட்டா வீசின, அழுக்கு கக்குது அழுக்கு கக்குதுன்னு. உன் பேண்ட்ட பாரு, சல்லட மாதிரி கீது!"

எல்லோரும் அவர் பேண்ட்டைப் பார்த்தோம். சுருட்டிய இடத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள்.

அந்த அம்மா மேஸ்திரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"குழியில சொட்டு விட்டுக் காமிச்சேன். நீங்க பார்த்தீங்க. தொட்டும் பார்த்தீங்க."

"பாத்தேம்மா."

"தெரிஞ்சும் ஏன் தடுக்கல?"

அந்த வீட்டுக்காக அவர் எத்தனை நாள் வெயிலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. சிமெண்ட் கொட்டகைக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தேன். துண்டைப் பிரித்து அந்தப் பாதியை அவர் காலுக்கு முன்னால் தரையில் வைத்தேன். சுவரிடம் பேசிப் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. வேறு ஒன்று வந்தது.

"அன்னிக்கு வெட்டுனது யாருன்னு நீங்க என்ன ஒரு வார்த்த கேக்கலம்மா."

அவர் அதைக் கையில் எடுத்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். முனையில் மீன் வாலைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ஜன்னல் சட்டத்தின் உள்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பெயிண்ட் படாத இடத்தில் அதே மீன் வால். மேஸ்திரியின் கை தானாகக் காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது.

"போங்க" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. மேஸ்திரி பைக்கைக் கிளப்ப மூன்று உதை வேண்டியிருந்தது. சித்தாள் பின்னாலிருந்து, "வண்டிக்கும் ஆசிட் ஊத்து மேஸ்திரி, அழுக்கு கக்கும்!" என்று கத்தினாள். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். அது சிரித்துவைத்த சிரிப்பில்லை. கிளம்பும்போது அந்த அம்மாவின் கையிலிருந்து பாதி நத்தையைத் திரும்ப வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டேன்.

கிரகப்பிரவேசம் பாய் விரித்து நடந்தது. பத்து நாள் கழித்து அந்த அம்மா ஆள் அனுப்பினார். தரையை நானே மறுபடி அரைத்தேன். மேல் தோல் போனதும் அடியிலிருந்து வேறு சிப்பிகள் வந்தன. ஜன்னலுக்குக் கீழே மட்டும் மிஷின் வைக்க வேண்டாம் என்றார். மட்டம் பார்த்து அரைத்தால் நத்தை இருந்த தடமே இல்லாமல் போய்விடும். கூடம் முழுக்க மின்ன, அந்தப் பள்ளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

வேலை முடிந்த அன்று கேட்டார். "உங்ககிட்ட இருக்கற பாதியைப் பக்கத்துல பதிச்சுடலாமா?"

"இருக்கட்டும்மா" என்றேன்.

பொங்கலுக்கு மறுபடி கேட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டிவிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் உங்களைக் கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார். என் மனைவி கதவோரத்திலிருந்து 'கொடுத்துவிடு' என்று கண்ணைக் காட்டினாள். அந்த அம்மாவுக்குக் காபி கொடுத்தோம். நான் ஆட்டோ வரை போய் வழியனுப்பினேன்.

கல்லைக் கொடுக்கவில்லை. உள்ளே வந்து, துணியில் தண்ணீர் தொட்டு அதைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.